பாடக் கோப்புகள் பிடிஎஃப்பாக மட்டும் இருந்தால் போதுமா?

சாட்ஸ்வர்த் மாணவி:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றின் இணையப் பாடங்களை இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எனக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்தான் துணை. பாடங்களில் பாதி, அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப் என்பதால், திறந்தால் ஒரு சொல்லும் ஒலிப்பதில்லை. மீதி, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்புக்குள் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. என் காதில் விழுவதும் அதுவே. ஒவ்வொரு பாடத்தையும், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் ஒருங்குறியில் (யூனிகோட்), திரைக்கேற்ப வரிகள் அமையும் மின்னூல் வடிவமான இபப் (EPUB) கோப்பாகவும் தர வேண்டுகிறேன்.

வகுப்பாசிரியர்:
அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நாங்கள் ஊதியமின்றி, வேலை முடிந்து வந்த இரவுகளில் பாடம் எழுதுகிறவர்கள். 1860இல் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். எழுத்தின் சுழியும் கொம்பும் அம்புக்குறியோடும் ஒலிப்புக் குறிப்போடும் அதனதன் இடத்தில் நின்றால்தான் அவர்களுக்கு மனத்தில் பதிகிறது. இபப்பில் கைபேசிக்குக் கைபேசி வரிகள் இடம் மாறிவிடும். பழைய பாடநூல்களோ பிறருடைய பதிப்புரிமை. உங்களுக்காகப் பாடத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து தந்தால் போதாதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
பதிப்புரிமை பற்றி மட்டும் சொல்கிறேன். பார்வையற்றோருக்கான மாற்று வடிவப் படிகளை உரிமையாளரின் அனுமதியின்றி எடுக்க 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தராதது அரசியலமைப்புக்கு முரணானது என்று, பார்வையற்றோருக்கான பிளைண்ட் எஸ்ஏ அமைப்பு தொடுத்த வழக்கில், நம் அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தது.

சாட்ஸ்வர்த் மாணவி:
ஐயா, ஒலிப்பதிவு கதைக்குப் போதும், எழுத்துப் பாடத்துக்குப் போதாது. ‘அரை’, ‘அறை’ இரண்டையும் இங்கே ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். எந்த ரகரம் என்று ஒலிப்பதிவிலிருந்து நான் எப்படி அறிவேன்? ஒருங்குறிக் கோப்பாக இருந்தால் பிரெய்ல் கருவியில் விரல் வைத்தவுடன் இரண்டும் வெவ்வேறு புள்ளிகளாகத் தெரியும். பிடிஎஃப்பைக் கைவிடச் சொல்லவில்லை. தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்து ஒருங்குறியில் பாடத்தை எழுதிவிட்டால், இலவச எழுத்துச் செயலியான லிப்ரேஆபிஸ் அதே கோப்பிலிருந்து இரண்டு வடிவத்தையும் தரும். 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. அம்புக்குறிப் படத்துக்கு ஒரு வரி விளக்கம் போதும்: ‘ட’ என்றால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. சிறு திரையில் பிடிஎஃப்பை இழுத்து இழுத்துப் படிக்கும் முதியவர்களுக்கும், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் அடங்கும் இபப் உதவும். படக்கோப்பைவிட அதற்கு டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.

வகுப்பாசிரியர்:
‘அரை’, ‘அறை’ பற்றி நான் எண்ணிப் பார்த்ததில்லை. இனி எழுதும் பாடங்களை ஒருங்குறியில் எழுதுகிறேன். பாமினிப் பாடங்கள் வேறு சிக்கல். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகளில் இட்டால் ஒகர ஓகாரக் கொம்புகள் சிதறுகின்றன, ஒவ்வொரு வரியையும் ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அரிச்சுவடியை இபப்பாக்குவதற்கு மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை.

சாட்ஸ்வர்த் மாணவி:
மாற்றிய பாடங்களை எனக்கு அனுப்புங்கள். சிதறிய கொம்பு காதில் உடனே இடறும், மெய்ப்பை நான் பார்த்துத் தருகிறேன். ஆனால் ஐயா, பார்வையற்ற குழந்தை ஒன்று நாளை உங்கள் வகுப்பில் சேர்ந்தால் முதலில் கேட்கப் போவது அந்த அரிச்சுவடியைத்தான்.