மணி சொல்ல முடிந்தால் அது வெறும் சளி இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன் நான். எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் மூன்று பேர் படுத்தோம். அதை எழுதுகிறேன், உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

முதலில் சின்ன மகளுக்கு. திங்கட்கிழமை தொண்டை கரகரத்தது, செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுகியது, புதன்கிழமை ஓயாத தும்மல். உடம்பு லேசாகச் சுட்டாலும் சோறு சாப்பிட்டாள், அண்ணனோடு சண்டை போட்டாள். அம்மா ஓமவல்லிச் சாறு கொடுத்தார், கோடாலித் தைலம் தேய்த்தார். ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள்.

அடுத்து எனக்கு. புதன்கிழமை காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது ஒன்றுமே இல்லை. பத்து மணிக்கு ரொட்டி சாப்பிட்டு எழுந்தபோது முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல ஒரு நடுக்கம். அரிவாள் கம்பைத் தூக்க முடியவில்லை. கூட்டாளிதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வீட்டில் விட்டான். காய்ச்சல் 39.4. எலும்பெல்லாம் வலி, மண்டையிடி, வறட்டு இருமல். மூக்கு ஒழுகவே இல்லை.

"பிள்ளைகிட்ட இருந்து சளி ஒட்டிக்கிச்சு" என்றார்கள். நானும் நம்பி, பெனடோல் போட்டுக்கொண்டு கிடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம்தான் அரசாங்கக் கிளினிக்குப் போனேன். டாக்டரம்மாவின் முதல் கேள்வி, "எப்பத் தொடங்குச்சு?" "புதன்கிழமை காலை பத்து மணிக்கு" என்றேன். "சாதாரண சளி பிடிச்சவங்க மணி சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். இன்ஃபுளுவென்சா ஏ.

மகளுக்கு வந்தது வேறு கிருமி. ஜலதோஷத்தை உண்டாக்க 200க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டு; அது படிப்படியாக ஏறும். இன்ஃபுளுவென்சா தொற்றி 1 முதல் 4 நாளுக்குள் திடீரென்று ஆளையே சாய்த்துவிடும். அதற்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். அந்த நேரத்தை நான் பாயில் கழித்துவிட்டேன். இரண்டையும் 'சளிக்காய்ச்சல்' என்று ஒரே பேரில் நாம் கூப்பிடுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என்னைவிட அம்மா பட்டதுதான் பெரிது. அம்மாவுக்கு 71 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) வேறு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுந்து உட்கார்ந்து, "கிராணி வந்துட்டாரா? பால் நிறுக்கணுமே" என்று கேட்டார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்; அம்மா பால்மர (ரப்பர்) வேலையை விட்டு 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை, 37.5தான். சாப்பாடு வேண்டாம் என்கிறார், மூச்சு மட்டும் வேகமாக வாங்குகிறது. காய்ச்சல் இல்லையே என்று நான் விட்டிருந்தால்? நல்லவேளையாக உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதே இன்ஃபுளுவென்சா, நுரையீரலில் சளிக்கட்டு தொடங்கியிருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே காட்டாமல் புத்தித் தடுமாற்றமாக மட்டும் வரலாம் என்று அங்கேதான் சொன்னார்கள். மருந்து அன்றைக்கே தொடங்கினார்கள். ஆறு நாள் இருந்து வீட்டுக்கு வந்தார்.

தாப்பாவிலிருந்து ஓர் அக்கா:

தம்பி, அம்மாவை நல்லாப் பார்த்துக்குங்க. நீங்க சொன்ன 'மணிக்கணக்கு' எங்களை வேற பக்கம் ஏமாத்திடுச்சு. என் மகனுக்கும் திடீர்னுதான் காய்ச்சல், 40 வரைக்கும். கண்ணுக்குப் பின்னால வலி. ஃபுளுன்னு நினைச்சோம். ஆனா இருமல் இல்ல, தொண்டை வலி இல்ல, தும்மல் இல்ல. ரத்தம் எடுத்துப் பார்த்தா டெங்கி. வீட்டுக்குப் பின்னால, ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்குகள்ல (கிண்ணங்கள்ல) மழைத் தண்ணி தேங்கி இருந்துச்சு. டெங்கியா இருக்கலாம்னு தோணினா ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு வரும். அதோட காய்ச்சல் இறங்கின நாள்ல சந்தோஷப்பட்டுடாதீங்க. எங்க பிள்ளைக்கு அன்னைக்குத்தான் வயித்துவலியும் வாந்தியும் வந்து, ஓடிப்போய்ச் சேர்த்தோம்.

ஓர் ஆசிரியை:

2025 அக்டோபரில் நாடு முழுக்க ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா வந்து சில பள்ளிகளை மூடினார்களே, அப்போது என் வகுப்பில் பாதி நாற்காலி காலி. "வெறும் சளிதான் டீச்சர்" என்று ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு மேசையில் தலை சாய்த்தவனால் எழ முடியவில்லை, உடம்பு கொதித்தது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்; பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறிகுறி தெரிவதற்கு முதல் நாளிலிருந்து ஐந்து, ஏழு நாள் வரை அது பரவும். குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் வருஷம் முழுக்க இருக்கிற நோய் இது. கிருமி உருமாறுவதால் தடுப்பூசியும் வருஷா வருஷம் போட வேண்டியிருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் நான்:

நன்றி டீச்சர். அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் நான்கு மங்கு கிடந்தது, இரண்டில் புழு நெளிந்தது. கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். அம்மாவுக்குத் தடுப்பூசி எப்போது போடலாம் என்று அடுத்த இனிப்புநீர்ச் சோதனையின்போது கேட்கப் போகிறேன்.