பழைய வீட்டுத் தண்ணீர் லைனில் வாடை, பிரஷரும் இல்லை. மோட்டார் போடலாமா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். சென்னைக்குள் ஒரு பழைய தனி வீடு வாங்கிச் சமீபத்தில்தான் குடி வந்தோம். சொத்து வரியை என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது, ஆனால் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இன்னும் விற்றவரின் அப்பா பெயரில் கிடக்கிறது, அவர் காலமாகி ரொம்ப வருஷம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய தலைவலி தண்ணீர்தான். காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் எதிர்வீட்டில் நன்றாகவே கொட்டுகிறது, எங்கள் சம்பில் (தரையடித் தொட்டியில்) மட்டும் நூல் மாதிரி ஒழுகுகிறது, அதிலும் முதலில் வருவதில் சாக்கடை வாடை, கொஞ்ச நேரம் போனால் தெளிந்துவிடுகிறது. டி.டி.எஸ். மீட்டரில் நல்ல நம்பர்தான் காட்டுகிறது, அதனால் தண்ணீரில் கோளாறு இல்லை என்கிறார் மாமனார். பிளம்பரைக் கூப்பிட்டால் “தெருவுல பாதி வீட்ல அரை எச்.பி. மோட்டாரைத் தெருவுலேர்ந்து தண்ணி வர்ற லைன்லயே போட்டிருக்காங்க சார், நீங்களும் போட்டுக்கங்க” என்கிறார். போடலாமா? பெயர் மாற்ற விற்றவரும் கூட வர வேண்டுமா? இன்னொன்று, முன் அறையைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட யோசனை, அதனால் தண்ணீர் பில் மாறுமா?

குழாயடி:
சார், லைனில் மோட்டார் மட்டும் வேண்டாம். பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பைத் துண்டிக்கவும் செய்வார்கள், அதை விடுங்கள், நான் பயப்படுவது வேறு. நம் ஊரில் தண்ணீர் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. விடாத நேரத்தில் குழாய் காலி. காலிக் குழாயில் எங்காவது பொத்தல் இருந்து பக்கத்திலேயே சாக்கடைக் கசிவும் இருந்தால், அழுக்கு உள்ளே இறங்கித் தேங்கி நிற்கும். தண்ணீர் விட்டதும் முதலில் உங்கள் சம்புக்கு வருவது அதுதான், அப்புறம் தெளிகிறது என்கிறீர்களே, கணக்கு சரியாக இருக்கிறதா? இதில் மோட்டாரையும் போட்டால், வெறுமனே இறங்குகிற அழுக்கை நீங்களே இழுத்துக் குடிக்கிற கதை. உங்கள் லைனில் மட்டுமல்ல, தெருக் குழாயில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் உறிஞ்சும், தெருக்கோடி வீட்டுக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது.

எதிர்வீட்டில் நன்றாகக் கொட்டுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பக்கத்து வீடுகளிலும் வாடை இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் இருந்தால் தெரு லைன் பிரச்சினை, 1916க்குப் புகார் சொல்லி எண் வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், தெருக் குழாயிலிருந்து உங்கள் சம்பு வரை வருகிற அந்தச் சின்னக் குழாயில்தான் கோளாறு. பழைய வீட்டில் அது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருக்கும். உள்ளே துரு கட்டிக் கட்டி ஒரு விரல் நுழைகிற ஓட்டை பென்சில் நுழைகிற ஓட்டை ஆகிவிடும், வெளியே அரித்துப் பொத்தலும் விழும். பிரஷர் இல்லாததும் வாடையும் ஒரே வியாதி.

தண்ணீர் விடும் நேரத்தில் கேட் பக்கம் இருக்கிற ஸ்டாப் காக் (தண்ணீரை அடைக்கிற வால்வு) கிட்டே யூனியனை, அதாவது கழற்றி மாட்டுகிற இணைப்பை, கழற்றிப் பாருங்கள். அங்கே நல்ல வேகம், சம்பில் மட்டும் ஒழுகல் என்றால் உள் பைப் போச்சு. அங்கேயே ஒழுகல் என்றால் ரோட்டுக்கு அடியில் போகிற பைப்போ, மெயினில், அதாவது தெருக் குழாயில், உங்கள் பைப்பை இணைக்கிற ஃபெரூலோ அடைத்திருக்கிறது. அப்படியே சாக்கடை சேம்பர் எங்கே, தண்ணீர் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து வையுங்கள்.

மாடிவீடு:
எங்கள் வீட்டில் பல வருஷமாக லைனில்தான் மோட்டார். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் போடும்போது நாம் மட்டும் யோக்கியனாக இருந்தால் சம்பு காலியாகத்தான் கிடக்கும்.

கணக்குப்பிள்ளை:
பேப்பர் சமாச்சாரம் மட்டும் நான் சொல்கிறேன். சொத்து வரி உங்கள் பெயரில் வந்துவிட்டதென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கிரயப் பத்திர நகல், புதுப் பெயரில் சொத்து வரி ரசீது, பழைய குடிநீர் வரி அட்டை, அதில் இருக்கிற சி.எம்.சி. எண் (உங்கள் இணைப்பின் எண்), இவற்றோடு உங்கள் பகுதி அலுவலகத்தில் பெயர் மாற்றம் கேளுங்கள். விற்றவரைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது, பத்திரம்தான் பேசும். முதலில் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். பாக்கி ஆளோடு போகாது, வீட்டோடு நிற்கும். பழைய ஓனர் கட்டாமல் விட்டது எல்லாம் இப்போது உங்கள் தலையில், அவரிடம் வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

பில்லில் இரண்டு சங்கதி இருக்கிறது, நிறைய பேர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குடிநீர், கழிவுநீர் வரி என்பது சொத்து வரிக்காகக் கணக்கிடுகிற கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. குடிநீர்க் கட்டணம் என்பது தனி, மீட்டர் இல்லாத சாதாரண வீட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. தையல் கடை வந்தால் குடியிருப்பு என்கிற வகையிலிருந்து ‘பகுதி வணிகம்’ வகைக்குப் போகும், கட்டணம் கூடும். சொல்லாமல் விட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதற்குப் பதில், வாடகை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

சோதனைக்குழாய்:
மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமி தெரியாது. கரைந்திருக்கிற உப்பைத்தான் அது காட்டும். நல்ல தண்ணீரில் கொஞ்சம் சாக்கடை கலந்தால் நம்பர் பெரிதாக ஏறாது, வயிற்றுப்போக்கு மட்டும் வரும்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி குளோரின் சோதனை, அதாவது கிருமியைக் கொல்ல வாரியம் கலக்கிற குளோரின் நம் வீடு வரை மிஞ்சி வருகிறதா என்று பார்ப்பது. நீச்சல் குளச் சாமான் விற்கிற கடையில் குளோரின் கிட் கிடைக்கும், சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதி குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. முதலில் வருகிற தண்ணீரையும் தெளிந்த பிறகு வருவதையும் தனித்தனியாகப் பிடித்துச் சோதியுங்கள். முதலில் வருவது மஞ்சளே ஆகாமல், பின்னால் வருவது ஆகிறதென்றால் வழியில் அழுக்கு புகுந்து குளோரினைத் தின்றிருக்கிறது. இதையே எழுத்தில் வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர் பரிசோதனை செய்கிறார்கள். கிருமிச் சோதனைக்கு நம் வீட்டு பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது, சுத்தம் செய்த பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்கி, பிடித்த அன்றே ஐஸில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

பைப் சரியாகும் வரை குடிப்பதற்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், லாரியோ கேனோ பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிவீடு சார், உங்கள் வீட்டுத் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீடுகளில் கேட்டேன், யாருக்கும் வாடை இல்லை. யூனியனைக் கழற்றியதில் கேட் பக்கம் நல்ல வேகம். அங்கிருந்து பைப் நேரே சாக்கடை சேம்பரை ஒட்டி, ஒரு இடத்தில் சேம்பர் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறது! எந்தப் புண்ணியவான் போட்டதோ. உள் பைப்பை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ரோடு வரை மாற்றிவிட வேண்டுமா?

குழாயடி:
நினைத்தேன் சார். கேட் வரை வேகம் நன்றாக இருப்பதால் இப்போதைக்கு உள் பைப்பை மாற்றினால் போதும். பழைய பைப்பை ஒட்டுப்போட விடாதீர்கள், அந்தத் தடத்தையே விட்டுவிட்டுச் சேம்பருக்கு எதிர்ப் பக்கச் சுவரோரமாகப் புது எம்.டி.பி.இ. (ஒரு வகை பிளாஸ்டிக்) பைப் போடச் சொல்லுங்கள். நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாகக் கிடைக்கும், துருப் பிடிக்காது. எங்காவது சாக்கடைக் குழாயைக் குறுக்கே தாண்ட வேண்டி வந்தால் தண்ணீர் பைப் மேலேதான் போக வேண்டும். சேம்பர் சுவரையும் உள்பக்கம் பூசிவிடுங்கள், கசிவே அங்கிருந்துதான்.

ரோட்டுப் பக்கமும் அதே வயது பைப்தான், என்றைக்காவது மாற்ற வேண்டிவரும். அதற்கு மாநகராட்சியில் ரோடு வெட்ட அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ரோடு வெட்டத் தடை போட்டுவிடுவார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகை தாண்டித் திட்டம் போடுங்கள்.

சோதனைக்குழாய்:
பைப் மாற்றிய கையோடு சம்பையும் மேல் டேங்கையும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், அடியில் பழைய சேறு கண்டிப்பாக இருக்கும். அப்புறம் புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்துத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பழைய பாக்கெட் வேண்டாம், வீரியம் போயிருக்கும். சம்பின் வாய் தரையோடு தரையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், நாலு செங்கல் உயர்த்திக் கட்டி மூடி போட்டுவிடுங்கள்.

மாடிவீடு:
கிட் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் ஆகவில்லை. அந்த எம்.டி.பி.இ. பைப் அடி என்ன விலை?