புதுப்பிப்பு: ஜீப்புக்கு ரொக்கமா, கடனா?

வால்பாறைப் பக்கம் சுற்ற ஜீப் வாங்க, 10 லட்சத்தை மொத்தமாகக் கட்டுவதா, கடன் போடுவதா என்று கேட்டிருந்தேன். மொத்தமாகவே கட்டிவிட்டோம்.

"டெபாசிட்டை உடைக்காதீங்க, 7 சதவீதத்தில் 5 வருடத்துக்கு 4.15 லட்சம் வட்டி வரும், 9.5 சதவீதக் கடனுக்கு வட்டி 2.6 லட்சம்தான்" என்றார் ஒரு அண்ணன். கேட்க லாபமாகத்தான் தெரியும். ஆனால் மாதத் தவணை 21,000 நம் சம்பளத்திலிருந்து அல்லவா போகிறது! அதையே அதே வட்டிக்கு மாதாமாதம் ஆர்டி என்ற தொடர் வைப்பில் போட்டால் சுமார் 15 லட்சம் சேரும். டெபாசிட் வளர்வதோ 14.15 லட்சம். அவசரச் செலவுக்குத் தனியாகப் பணம் இல்லாதவர்கள் மட்டும் கடனை யோசிக்கலாம்.

அப்புறம், மஞ்சள் விற்ற பணத்தை நோட்டாகவே கொடுக்கலாமா என்று கேட்ட ஈரோட்டு மாமாவுக்கு: முடியாதுங்க. 2 லட்சமோ அதற்கு மேலோ நோட்டாக வாங்க வருமான வரிச் சட்டம் வண்டி விற்பவரை விடாது. நாங்களும் வங்கி வழியாகத்தான் அனுப்பினோம்.