ஆன்லைன் வகுப்பில் ஒருத்தருக்கொருத்தர் பேசவே மாட்டேங்கிறாங்க, என்ன செய்யலாம்?

மண்டபம்கரை:
டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வகுப்பு, 12 வாரம், 48 பேர். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எல்லா ஊரும் உண்டு, பாதிக்கு மேல் பெண்கள். மூடுலில் (பாடம் நடத்துற இணையதளம்) விவாதப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கு. வாட்ஸாப் குரூப்பில் காலை வணக்கப் படமும் ‘நோட்ஸ் அனுப்புங்க சார்’ என்பதும்தான். முகநூல் குழுவுக்கோ டெலிகிராமுக்கோ மாத்தினா சரியாகுமா?

உப்பளம்77:
ஆப்பை மாத்துறது அப்புறம், முதல்ல 48 பேரை உடைங்க சார். 6 பேர் வீதம் 8 குழு. 48 பேர் பார்க்க, தப்பாயிடுமோன்னு யாரும் எழுதவே மாட்டாங்க. ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஊர்க்காரர் ரெண்டு பேர் இருக்கட்டும். ஒருத்தர் நெட் போனாலும் மற்றவர் போன்ல பார்த்துக்கலாம். ஆறு பேரும் ஒரே தெருவா வேண்டாம், சொந்தக்காரங்க முன்னாடி வாயே திறக்க மாட்டாங்க.

‘புரிஞ்சுதா?’ன்னு கேட்டா கட்டைவிரல்தான் வரும். ஒருத்தர் செய்ததை வச்சுத்தான் அடுத்தவர் செய்ய முடியும்னு வேலையை அமைங்க. முதல் ஆள் ஒரு பில்லைப் போடணும்: ஐஸ், டீசல், வலை எதுவானாலும், பேரும் நம்பரும் மறைச்சு. ரெண்டாவது ஆள் அதுக்கு ஜர்னல் பதிவு (எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவுன்னு) எழுதணும். மூணாவது ஆள் அது சரியான்னு பார்க்கணும். படகு இஞ்சின் பில் வந்தா சண்டையே நடக்கும்: சாதாரண பழுதுன்னா செலவு, புது இஞ்சின்னா சொத்து. அந்தச் சண்டைதான் உங்களுக்கு வேணும்.

நீங்க உடனே பதில் போடாதீங்க, 12 மணி நேரமாவது பொறுங்க. வாத்தியார் அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டா மத்தவங்க வாய் அடைச்சிடும்.

கீழக்கரை_டீச்சர்:
முகநூல் வேண்டாம். பதிவுகள் எப்பவும் தேதி வரிசையில் வராது, போன வார வீட்டுப்பாடம் இன்னிக்கு மேலே நிக்கும்.

வாட்ஸாப் குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பல பெண்கள் பேசாததுக்கு அதுவே காரணமா இருக்கலாம். டெலிகிராமில் அமைப்புகள் → தனியுரிமை → தொலைபேசி எண் → ‘யாரும் இல்லை’ (Nobody)ன்னு வச்சா நம்பர் மறையும். முதல் நாளே எல்லாரையும் இதைச் செய்ய வைங்க. நம்பர் மறைஞ்சாலும் தனி மெசேஜ் வரும். அதனால ஒரு பெண் அட்மின் கட்டாயம். தொல்லை கொடுத்தா நேரா அவங்ககிட்ட சொல்லணும், தொல்லை கொடுத்தவர் வெளியே.

குழுவில் பேச்சைத் தலைப்பு வாரியா பிரிக்கிற ‘டாபிக்ஸ்’ வசதியை ஆன் பண்ணுங்க. அறிவிப்பு, சந்தேகம், அரட்டை மூணு போதும். அரட்டையை மூடிடாதீங்க, காலை வணக்கம் அங்கே போய்ச் சேரட்டும். அறிவிப்பில் அட்மின் மட்டும் எழுதணும்.

பாம்பன்வாடை:
நேரத்தையும் பாருங்க அண்ணே. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு போறது திங்கள், புதன், சனி. மறுநாள் காலை படகு கரைக்கு வந்தா வீடே வேலையில இருக்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில கெடு வைக்காதீங்க. நோன்பு மாசத்தில் மாலை 6 முதல் 9 வரை நேரலை வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கனமான பாடத்தை அங்கே தள்ளலாம்.

பதிவு எண்ணிக்கைக்கு மார்க் குடுத்தா ‘சூப்பர்’, ‘அருமை’ன்னு 200 வரும். அடுத்தவர் பிழையைக் காரணத்தோட திருத்தினதுக்குக் குடுங்க.

மண்டபம்கரை:
8 குழுவுக்கும் தலைவர் போடணுமா?

உப்பளம்77:
வாரத்துக்கு ஒருத்தர்னு சுத்த விடுங்க. நிரந்தரத் தலைவர்னா மத்த அஞ்சு பேரும் அவரையே பார்த்துட்டு இருப்பாங்க.