கொட்டேஷனில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதலாமா?

மரக்கடைக்காரன்:
திருச்சியில் சின்னதாக ஒரு மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் கொட்டேஷன் எல்லாம் நானே அடிப்பேன். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு '24 ஃபர்னிச்சர்ஸ்' என்று அனுப்பினேன். கடைசி 'ஸ்'ஸைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 24 சாமானுக்கு 'ஸ்' போடாமல் எப்படி? 'ஷெல்ஃப்ஸ்' என்றதையும் அடித்து 'ஷெல்வ்ஸ்' ஆக்கியிருக்கிறார்கள். சரி, இதுதான் வழி போல என்று அடுத்த கொட்டேஷனில் கூரைக்கு 'ரூவ்ஸ்' என்று அடித்தேன். என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

சாக்பீஸ்தூள்:
ஃபர்னிச்சர் இங்கிலீஷ்காரர்களுக்கு அரிசி, மணல் மாதிரி மொத்தச் சரக்கு. லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் எல்லாம் இதே ரகம்தான், 'ஸ்' ஒட்டாது. எண்ணிச் சொல்லியே ஆகணும் என்றால் '24 பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. ஆனால் கொட்டேஷனில் அதுவும் எதற்கு? '16 சேர்ஸ், 8 டேபிள்ஸ்' என்று பிரித்துப் போடுங்கள். எது எத்தனை என்று தெரியாமல் யார் காசு கொடுப்பார்கள்?

ஷெல்ஃப், நைஃப், லீஃப் 'வ்ஸ்' ஆகும். ரூஃப், சீஃப், ப்ரூஃப் வெறும் 'ஸ்' வாங்கும். மனப்பாடம்தான், குறுக்கு வழி கிடையாது.

ஏணிப்படி:
தமிழில் 'பத்து ஆணி கொடுங்க' என்றால் போதும். 'ஆணிகள்' என்று கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில்தான் நம் ஆட்கள் 'டென் நெய்ல்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஏணி விற்கும்போது கவனம்: உயரம் 'டென் ஃபீட்', ஏணி மட்டும் 'டென்-ஃபுட் லேடர்'. பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் ஒருமைதான்.

மரக்கடைக்காரன்:
ரொம்ப நன்றி. நான் இதுவரை விற்றது எல்லாம் 'டென் ஃபீட் லேடர்'தான். அப்புறம், பீரோவுக்குப் போடுகிற கண்ணாடி? 'கிளாஸ்' எண்ணலாமா?

சாக்பீஸ்தூள்:
பலகையாக என்றால் 'ஷீட்ஸ் ஆஃப் கிளாஸ்'. 'கிளாசஸ்' என்று போட்டால் டம்ளர் என்றோ மூக்குக்கண்ணாடி என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

மரக்கடைக்காரன்:
முந்தாநாள்தான் சார், '4 கிளாசஸ்' என்று ஆர்டர் அனுப்பினேன்.