பள்ளிக்கூடம் இருந்தா மட்டும் புள்ளைக வேலைக்குப் போறது நின்னுருமா?

கரிசல்மண்:
ஜூன் 12 வந்தா குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள்னு உறுதிமொழி, ஊர்வலம், கல்வி குடுத்தா எல்லாம் ஒழிஞ்சிரும்னு பேச்சு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் சாத்தூர் பக்கம். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க ஊருல பள்ளிக்கூடமும் இருந்துச்சு, விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் வண்டியும் வந்துச்சு, பாதிப் புள்ளைக வண்டியிலதான் ஏறுச்சுக. காரணம் அட்வான்ஸ். வீட்டுல வாங்கின முன்பணத்துக்கு புள்ள உக்காந்து கட்டை அடுக்கணும், அதாவது தீக்குச்சிய சட்டத்துல வரிசையா செருகணும். கடன் அப்படியே இருக்க, கையில சிலேட்ட குடுத்து என்ன பண்ண? மொதல்ல பெரியவங்களுக்கு சரியான கூலி, மத்ததெல்லாம் அப்புறம்.

அஞ்சாப்பு டீச்சர்:
கூலி ஏறட்டும்னு காத்திருந்தா அந்தப் புள்ளையோட படிக்கிற வயசு போயிரும் சார். 1956ல காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தப்ப ஊருல வறுமை தீர்ந்துட்டா இருந்துச்சு? 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல காலை உணவு, எல்லாமே வறுமை இருக்கும்போதே வந்ததுதான், ஒரு வேளை சோறு வீட்டுச் செலவுல குறையுதுன்னா அந்த அம்மா புள்ளைய அனுப்புறாங்க.

ஆனா கட்டிடமும் சோறும் மட்டும் போதாது, அதையும் நானே சொல்றேன். ரெண்டு வருஷம் வேலைக்குப் போயிட்டு வந்த புள்ளைய வயசுக்கு ஏத்த வகுப்புல உக்கார வெச்சா மத்த புள்ளைக சத்தமா வாசிக்கும்போது அது விரல வரி மேல நகத்திக்கிட்டே வாய மட்டும் அசைக்கும், நாம பக்கத்துல போனா நிறுத்திரும், பத்து நாள் கழிச்சு வராது. அதுக்குத்தான், விட்ட பாடத்த புடிக்க வைக்கிற இணைப்பு வகுப்பு வேணும். இப்ப தெலங்கானால இருக்குற ரங்காரெட்டி மாவட்டத்துல சாந்தா சின்ஹா நடத்தின எம்.வி. பவுண்டேஷன்ங்கிற தொண்டு நிறுவனம் இதத்தான் செஞ்சாங்க, பள்ளிக்கூடத்துல இல்லாத எந்தப் புள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான்னு எடுத்துக்கிட்டு, முகாம்ல தங்க வெச்சு சொல்லிக்குடுத்து வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்தாங்க. 2003ல சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைச்சது. அங்க இருந்தவங்களும் கடன்பட்ட ஏழைகதான்.

தறிச்சத்தம்:
நீங்க ரெண்டு பேரும் எல்லா வேலையையும் ஒண்ணா போட்டுப் பேசுறீங்க. பட்டாசு, தீப்பெட்டி வேற. நான் நெசவுக்காரன் வீட்டுப் புள்ள, ஸ்கூல் விட்டு வந்து தறிக்கு நூல் தார் சுத்துவேன், அப்பாகிட்ட தறி கத்துக்கிட்டேன், அதுலதான் இன்னைக்கும் சாப்பிடுறேன். 2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்த திருத்தினப்ப, ஸ்கூல் நேரம் போக, லீவு நாள்ல, அபாயமில்லாத குடும்பத் தொழில்ல புள்ளைக உதவலாம்னு விட்டது சரிதான். வீட்டு வேலைய தொட்டாலே குற்றம்னா கைத்தொழில் எப்படிங்க அடுத்த தலைமுறைக்குப் போகும்?

சட்டக்கல்லூரி:
அண்ணே, உங்க அப்பா நல்லா வளர்த்திருக்காரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எல்லா வீடும் அப்படி இல்லையே. யாவாரி வீட்டுக்கே வேலைய குடுத்துட்டுப் போறான், எத்தன செஞ்சா அத்தனைக்குக் கூலின்னு பீஸ் ரேட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்தப் புள்ள பெட்டி ஒட்டுதா வீட்டுப்பாடம் எழுதுதான்னு எந்த இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு? 1953ல ராஜாஜி பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்னு கொண்டு வந்தப்ப குலக்கல்வின்னு தமிழ்நாடே எதுத்துச்சு, 1954ல காமராஜர் வந்து எடுத்துட்டாரு. அதே வாசல் வேற பேர்ல தெறந்திருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

கரிசல்மண் சார், நீங்க கேக்குற கூலிக்கும் வழி இருந்துச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்ன எம்.சி. மேத்தா வழக்கு, நம்ம சிவகாசி பத்தினதுதான். அபாயமான தொழில்ல புள்ளைய வெச்சா முதலாளி தலைக்கு 20,000 ரூபா கட்டணும், அரசு அந்த வீட்டுல பெரியவங்க ஒருத்தருக்கு வேலை வாங்கித் தரணும், முடியலன்னா 5,000 போடணும், அந்தப் பணத்தோட வட்டி புள்ள படிக்கிற வரைக்கும் வீட்டுக்கு. கூலியையும் படிப்பையும் ஒரே முடிச்சுல கட்டின தீர்ப்பு அது. நமக்கு வேண்டியது அத அமல்படுத்துறது.

கரிசல்மண்:
தீர்ப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ரெய்டு, அபராதம்னு வந்ததும் வேலை ஆபீஸ்ல இருந்து திண்ணைக்கு வந்துச்சு, அத நீங்களே மேல சொல்லிட்டீங்க. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்துல, வேலையில இருந்து மீட்ட புள்ளைகளுக்கு சிறப்புப் பள்ளிக்கூடம் 1988லயே சிவகாசில வந்துச்சு. உதவித்தொகை மாசம் 100, 150னு இருந்து, ரொம்ப வருஷம் கழிச்சுதான் 400. ஒரு வாரக் கூலிக்காவது ஆகுமா அது? 2021ல அந்தத் திட்டத்தையே சமக்ர சிக்ஷாங்கிற பொதுவான பள்ளிக்கல்வித் திட்டத்தோட சேத்துட்டாங்க.

மில்லுக்குப் போனவ:
இவ்வளவு நேரம் எல்லாரும் பத்து வயசுப் புள்ளையவே பேசுறீங்க. நான் எட்டாப்பு முடிச்சுட்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனேன். மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா கடைசில மொத்தமா பணம், கல்யாணத்துக்கு ஆகும்னு புரோக்கர் வீட்டுக்கே வந்து சொன்னாரு. கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்கும். வேலைக்கு முழுத் தடையும் 14 வரைக்கும், அதுக்கு மேல 18 வரைக்கும் அபாயமான வேலைக்கு மட்டும்தான் தடை. ரெண்டும் ஒரே இடத்துல கைய விட்டா ஒம்பதாப்புப் புள்ளைய யாரு புடிக்கிறது? எங்க ஊருல எட்டு வரைக்கும்தான் ஸ்கூல். இலவச சைக்கிள் பதினொண்ணாப்புலதான் குடுக்குறாங்க, காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா, நல்ல திட்டம்தான், ஆனா நடுவுல ஒம்பது, பத்து தாண்டினாத்தானே அங்க போக முடியும். ஹைஸ்கூல் பஸ் ஊரு விலக்குல நிக்கும், அதுவரைக்கும் நடக்கணும், மில்லு வேன் வீட்டு வாசலுக்கே வரும். கரிசல்மண் அண்ணே, எங்க வீட்டுல கடனே இல்ல, ஆனாலும் நான் போனேன். ஒம்பதாப்பு எங்க தெருவுலயே இருந்திருந்தா எங்கம்மா அனுப்பியிருக்க மாட்டாங்க.

கரிசல்மண்:
உன் விஷயத்துல கடன் இல்லாம இருக்கலாம்மா. ஆனா கல்யாணத்துக்குப் பணம்னு சொன்னதும் சரின்னாங்கள்ல, அது பணத்துக்கு வழி இல்லாததாலதான. நான் சொல்றத மாத்திக்க எனக்கு இன்னும் காரணம் கிடைக்கல.

அஞ்சாப்பு டீச்சர்:
அந்தப் பொண்ணு சொன்னத இங்கயே விட்டுறாதீங்க. இதப் படிக்கிற வாத்தியாருங்க, பள்ளி மேலாண்மைக் குழுவுல (எஸ்.எம்.சி.) இருக்குறவங்க ஒண்ணு பண்ணலாம். உங்க ஸ்கூல்ல போன வருஷம் எட்டாப்பு முடிச்சு டி.சி. வாங்கின புள்ளைக எத்தன பேரு, அதுல ஒம்பதாப்புல பேரு ஏறினது எத்தன பேருன்னு பாத்து இங்க போடுங்க. மீதிப் பேரு எங்க இருக்காங்கன்னு தெருவுல கேட்டாலே சொல்லிருவாங்க. பட்டியல் வந்ததும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீசுக்கு மனு எழுத நான் தயார், சட்டக்கல்லூரி தம்பி வாசகத்தப் பாத்துக் குடுக்கட்டும்.