துணிப்பையா, கேரி பேக்கா: அந்த 131 தடவை

பாளை மாப்பிள்ளை: மஞ்சப்பை தூக்கினால் புண்ணியம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 அறிக்கையைப் பாருங்கள். ஒரே தடவை பயன்படும் கேரி பேக்குக்குச் சமமாக வர, காகிதப் பையை 3 தடவையும் துணிப்பையை 131 தடவையும் தூக்க வேண்டும். பருத்திக்குத் தண்ணீர், உரம், மில்லுக்குக் கரண்ட் எல்லாம் சும்மாவா வருகிறது?

டவுன் அண்ணாச்சி: அந்த ஒருவர் நான்தான்வே. 131-ஆம்! தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கி எழுந்தால் காலில் சுற்றுவது மஞ்சப்பையா, கேரி பேக்கா?

பாளை மாப்பிள்ளை: அது குப்பைக் கணக்கு அண்ணாச்சி. நான் சொன்னது புவி சூடாகிற கணக்கு.

டவுன் அண்ணாச்சி: 131 என்று சொன்னீரா இல்லையா? என் கையில் இருப்பது மகள் கல்யாணத் தாம்பூலப் பை. வாரம் இரண்டு தடவை மார்க்கெட். ஒன்றேகால் வருஷத்தில் உம்ம 131 தாண்டியாச்சு. காது கிழிந்து இரண்டு தடவை தைத்தும் ஆச்சு.

மேலப்பாளையம் தறி: அந்த ஒன்று சரி. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மற்ற நாற்பது பை? அப்புறம், ஜவுளிக்கடையில் தருவதெல்லாம் துணியே இல்லை. ஓரத்தை உரித்துப் பாருங்கள், நூல் வராது. தீக்குச்சி காட்டினால் சுருண்டு உருகி மணியாக உருளும். பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்!

பாளை மாப்பிள்ளை: அதுக்கு 11 தடவை போதும், அதே அறிக்கைதான்.

டவுன் அண்ணாச்சி: பேச்சை மாற்றாதீர். 131-க்கு வாரும்.

உடன்குடிக்காரன்: கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி இருக்கே, அதை யாரும் பேச மாட்டீர்களா?

பாளை மாப்பிள்ளை: அதில் அல்வாவை வைத்துச் சென்னை பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். நெய் கசிந்து சீட்டெல்லாம் வழியும்.

டவுன் அண்ணாச்சி: கசிந்தால்தான் அல்வா, கசியாவிட்டால் டால்டா. போன ஐப்பசியில் உம்ம வீட்டு விசேஷத்தில் வாழை இலையா போட்டீர்? வழவழ காகிதத் தட்டு. அந்தப் பூச்சு என்னவாம்? 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தது உமக்குத் தெரியாதோ?

பாளை மாப்பிள்ளை: விசேஷத்தை ஏன் இழுக்கிறீர்கள்? மூன்று தடவை பாயசம் வாங்கினது நினைவிருக்கட்டும். கேரி பேக்கைக் குப்பைக்கூடையில் விரித்து மறுபடி பயன்படுத்தினால் துணிப்பைக்கு 327 தடவை ஆகும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டவுன் அண்ணாச்சி: காலையில் 131, மத்தியானம் 327. ராத்திரிக்குள் ஆயிரம் ஆக்கிவிடுவீர்!

உடன்குடிக்காரன்: ஓலைப்பெட்டி...

டவுன் அண்ணாச்சி: இரும்வே. முதலில் 131-க்குப் பதில் வரட்டும்.